அரைக் கப்சூல்

கப்சூலைப் பிரித்ததும் வரும் அந்தப் புளித்த மணம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வெள்ளவத்தையில், ரயில் போகும்போது ஜன்னல் அதிரும் எங்கள் வீட்டில், மீந்துபோன மருந்துகளுக்கென்றே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. நாங்கள் இருந்த சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், அதற்கு "மிச்சப் பேணி" என்று பெயர். காய்ச்சல் விட்டதும் மருந்தையும் விட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம். "அன்டிபயோட்டிக் சரியான சூடு. சுகம் வந்தாப் பிறகும் குடிச்சா உடம்பு பழுதாப் போகும்" என்பார் அம்மா. மிச்சத்தை வாங்கிப் போக அடுத்த பகுதியான பாமன்கடையிலிருந்து பெரியம்மாகூட வருவார். அம்மாவை "அரை டொக்டர்" என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

ஒரு மழைக்காலத்தில் என் சின்னத் தங்கை துசிக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா ஒரு கப்சூலைப் பிரித்து, தூளில் பாதியைச் சீனியில் குழைத்து ஊட்டினார். மறுநாளும் ஊட்டினார். சூடு இறங்கியதும் நிறுத்திவிட்டார். காய்ச்சல் திரும்பி வந்தபோது துசியால் கழுத்தை வளைக்க முடியவில்லை, வெளிச்சம் பட்டாலே அலறினாள்.

ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றிய சவ்வில் வீக்கம் என்று தெரிந்தது, ஆனால் சோதனையில் பக்டீரியாக் கிருமி எதுவும் அகப்படவில்லை. வைரஸ் என்றால் அன்டிபயோட்டிக் வேலை செய்யாது; பக்டீரியா என்றால் அதை உடனே ஏற்ற வேண்டும். பிள்ளையைப் பார்த்த பெண் டொக்டர், "இதுக்கு முதல் ஏதும் மருந்து குடுத்தனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர். ஒண்டும் குடுக்கேல்லை."

அம்மா பயத்தில்தான் அப்படிச் சொன்னார். உண்மை தெரிந்த நான் துசியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

டொக்டர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்களை ஏசுறதுக்காக நான் கேக்கேல்லை, அம்மா. கிருமியைச் சுத்தி ஒரு சுவர் இருக்கு. கிருமி வளர வளர அதையும் கட்டிக்கொண்டே போகும். அநேகமா வீடுகளில கிடக்கிற கப்சூல் அந்தக் கட்டுற வேலையைத்தான் மறிக்கும். சுவர் பலமில்லாமப் போக, தண்ணி உள்ளுக்க ஏறி கிருமி வெடிச்சுச் சாகும். எங்கட உடம்பில அந்தச் சுவர் இல்லை, அதாலதான் நாங்கள் தப்புறம். ஆனா அரைகுறையாக் குடுத்தா கொஞ்சம்தான் சாகும். மிச்சம் மருந்தில நலிஞ்சு கிடக்கிறதால, உயிரோட இருந்தும் சோதனையில பிடிபடாது. சொல்லுங்கோ, குடுத்தனீங்களோ?"

அம்மா துசியைப் பார்த்தார். அவள் கண்கள் மேலே சொருகத் தொடங்கியிருந்தன. "அரைக் கப்சூல், டொக்டர். ரெண்டு நாள்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

"அப்ப இந்தச் சோதனையை நம்பேலாது" என்று டொக்டர் எழுந்தார். உடனேயே நரம்பில் மருந்து ஏறத் தொடங்கியது.

துசி பிழைத்தாள். ஆனால் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன. அம்மாவின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. அவர் தன்மேல் வைத்திருந்த கோபத்துக்கு அது ஈடாகாது என்று பிறகுதான் விளங்கியது.

எங்கள் ஒழுங்கை இன்று முழுக்க மாடிக் குடியிருப்பு. துசி பம்பலப்பிட்டியில் வேலை செய்கிறாள், என்னைவிடக் கெட்டிக்காரி, என்னைவிடக் கோபக்காரி. முன்பு அம்மா குசினியில் சமைத்தபடியே, "துசி, சாப்பிட வா!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார். இப்போது முழங்கால் வலியோடு எழுந்து, அறைவரை நடந்து போய், அவள் தோளைத் தொடுகிறார்.