பாலத்துக் கைப்பிடிக்கு வாங்கிய வாள்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குக் கூரைச் சட்டம் போட்டவன் நான். பள்ளிக்கூடத்து இரும்பு கேட் நான் செய்தது. மேல் லயத்து வரிசை வீடுகளுக்கான தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் ஸ்டாண்டும் என் வேலைதான். "இது ஒரு மழைக்கு நிக்காது" என்று சொன்ன ஃபேக்டரி டீமேக்கர் ஐயா பென்சன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்; ஸ்டாண்ட் நிற்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன், ஒரு ஹெக்சோ வாளும் கழித்துப்போட்ட இரும்பும் வைத்துக்கொண்டு இத்தனையும் செய்தேன்.

அதனால், ஓடைப் பாலத்துக்குக் கைப்பிடி வேண்டும் என்று தோட்டத்துச் சங்கம் சொன்னபோது, அதுவும் என் கையால்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட அந்தப் பாலத்தால்தான் போகவேண்டும். மழை வந்தால் வழுக்கும். ஆனால் இரண்டு வருடமாக என் கை நடுங்குகிறது. ஹெக்சோவைப் பிடித்தால் பல் ஓரிடத்தில் நிற்காது. கரண்டில் ஓடும் வாள் வாங்கச் சங்கம் சம்மதித்தது.

மருமகளும் நானும் இரத்தினபுரிக்குப் போனோம். அவள் எஹலியகொடயில் கேட் அடிக்கும் கடையொன்றில் வெல்டிங் ஒட்டு வேலை பழகியவள். கடையில் பெரிய கட் ஓஃப் மெசின் ஒன்று இருந்தது. தரையில் வைத்து, பைப்பை அதன் வாயில் இறுக்கிவிட்டு, பிடியை அமத்தினால் போதும். பக்கத்தில் கையால் தூக்கிப் பிடித்து வெட்டும் சின்ன பேண்ட் சோ.

"சீயா, மேக்க தமய் ஹொந்தம" என்று கடை முதலாளி சிங்களத்தில் சொல்லி, பெரியதைத் தட்டிக் காட்டினார். தாத்தாவுக்கு இதுதான் திறமாம். ஒரு பைப்பை வெட்டியும் காட்டினார். வாழைத்தண்டு மாதிரி விழுந்தது.

மருமகள் குனிந்து எழுத்தைப் படித்தாள். "மாமா, இது ரெண்டாயிரத்துக்கு மேல வாட் இழுக்கும். நம்ம லயத்துக்குத் தாங்காது. சின்னதே போதுங்க."

"கரண்டு என்ன, ஆளப் பாத்தா வருது? டவுனுக்கு ஒண்ணு, லயத்துக்கு ஒண்ணா?"

முதலாளிக்கும் தமிழ் புரிந்திருக்க வேண்டும், சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. சின்னதை இரண்டு கையாலும் ஆடாமல் பிடிக்கவேண்டும், என்னால் முடியாது என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பெரியதை எடுத்தோம்.

வீட்டு வாசலில் வைத்து சுவிட்சைப் போட்டேன். மெசின் உறுமியது. பிடியை அமத்தியதும் பைப்பைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. லயத்தின் பத்துக் காம்பராவுக்கும் ஒரே கம்பியில் வரும் கரண்டு, லைட்டெல்லாம் மங்கியது.

அடுத்த காம்பராப் பெண் கத்தினாள். "தாத்தா! ரைஸ் குக்கர் நின்னுபோச்சு. சோறு நீங்க போடுறீங்களா?"

மற்றவர்கள் கரண்டு எடுக்காத நேரமாக மத்தியானம் போட்டுப் பார்த்தேன், விடியற்காலையிலும் போட்டேன். அதே உறுமல், அதே நிற்றல். தொட்டி ஸ்டாண்டைத் தூக்கி நிறுத்தியவன், ஒரு சாண் பைப்பை வெட்ட வழியில்லாமல் அதன் பக்கத்தில் குந்தியிருந்தேன். மேலே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"நான் மாத்திட்டு வாறேன் மாமா" என்றாள் மருமகள். அவளே மெசினை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், முதலாளியோடு சிங்களத்தில் வாதாடி, சின்னதோடு திரும்பினாள். வெட்டியதும் ஒட்டியதும் அவள். மழைக்கு முன்னால் கைப்பிடி நின்றது.

இப்போது பாலத்தடியில் சங்கம் போர்டு வைத்திருக்கிறது. செய்தவர் என்று அவள் பெயர் மட்டும். அவள் பெயர் இருக்கட்டும், அவள் உழைத்தாள். ஆனால் அந்தப் பைப்பில் சோக்குக் கோடு போட்டது யார்? மூலைமட்டத்தை இடது கையால் அழுத்திப் பிடித்து, ஒரு கோட்டுக்கு மூன்று முறை அழித்துப் போட்டேன். பெரியவர்களுக்கு மேலே ஒரு கம்பி, பிள்ளைகளுக்குக் கீழே ஒரு கம்பி என்று, பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் பிள்ளைகளை நிறுத்தி உயரம் அளந்தவன் நான். சங்கத்துக்காரர்களே, போர்டில் கீழே இடம் இருக்கிறது. அளந்தவர் என்று என் பெயரையும் எழுதுங்கள்.