ஸ்பீக்கர் பெட்டியின் மேல் என் மகள்

என் மகளுக்கு இன்னும் தலை நிற்கவில்லை. அதற்குள் என் கணவர் அவளுக்கு ராக் இசை கேட்கப் பழக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது நாங்கள் இராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்புறத் தெருவில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு அறையில் இருந்தோம். அவர் துறைமுகத்துப் பட்டறையில் ஃபிட்டர். கல்யாண மாதங்களில் மாலை வேளைகளில் ஒரு பேண்டில் பேஸ் கிடார் வாசிக்கப் போவார். கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் ரிசப்ஷனுக்குப் பேண்டு வைப்பது வழக்கம். அங்கே சினிமாப் பாட்டு கேட்பார்கள், பெரியவர்கள் ஜோடி சேர்ந்து ஆட மெதுவான பழைய இங்கிலீஷ் பாட்டு கேட்பார்கள். அவருக்கு உயிராக இருந்த சங்கீதத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. கப்பல் ஆட்களிடம் வாங்கிய ரெக்கார்டுகளில் அது இருந்தது. கிடார் அலறும், டிரம்ஸ் இடிக்கும், பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்துவான். முதலில் எனக்குத் தலைவலிதான் வந்தது.

"நம்ம காலம் போச்சு. நான் இத்த கேக்கறப்போ எனக்கு இருவது வயசு. இவ பொறந்ததுல இருந்தே கேட்டா எப்டி வருவா, யோசி," என்பார்.

துறைமுகத்தில் சாமான் வந்து இறங்கிய பலகைகளை வாங்கி அவரே ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்திருந்தார். ஆள் இடுப்புயரம் இருக்கும். அதன் மேல் என் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டு, குழந்தையைப் படுக்க வைத்து, ரெக்கார்டைப் போட்டார். நான் பதறிப்போய் ஓடினேன். குழந்தை அழவில்லை. கண்ணை அகல விரித்து, கை காலை அசைக்காமல், யாரோ கூப்பிட்டதைப் போலப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அதுதான் அவள் எங்களைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு.

"பாத்தியாமே! ரத்தத்துலயே கீது!" என்று அவர் முற்றமெல்லாம் கேட்கக் கத்தினார்.

நல்ல குழந்தை என்று எல்லோரும் சொன்னார்கள். கப்பல் சங்கு ஊதினாலும், கூட்ஸ் வண்டி கடகடவென்று போனாலும் அவள் தூக்கம் கலையாது. ஆனால் என் தாலாட்டுக்கு அவள் அடங்கியதே இல்லை. கோயில் பாடகர் குழுவில் என் குரலைப் பாராட்டாதவர்கள் கிடையாது. தொட்டிலருகே உட்கார்ந்து மணிக்கணக்காகப் பாடுவேன். அவள் வீறிட்டு அழுதுகொண்டே இருப்பாள். அவர் வந்து தூக்கிப் பெட்டி மேல் போட்டு, ஊசியை வைத்தால் அழுகை நின்றுவிடும். சிரித்துக்கொண்டே இருப்பேன், உள்ளுக்குள் எரியும். பெற்றவள் குரலைவிட எங்கிருந்தோ வந்த எவனோ கத்துவது இந்தப் பிள்ளைக்கு இனிக்கிறதே என்று.

உட்காரப் பழகியதும் பெட்டி மேலேயே உட்காருவாள். இரண்டு உள்ளங்கையையும் பலகையில் பதித்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுவாள். தாளம் தப்பாது. இதைப் பார்க்க முற்றத்துப் பிள்ளைகள் கூடினார்கள். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் தொடங்கின. பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் கண்ணசரும் நேரம். அவர் பிளேயரை வாசலில் வைப்பார். தவழ்கிற பிள்ளை, மூக்கொழுகுகிற பிள்ளை, தம்பியை இடுப்பில் சுமந்த பெண் பிள்ளை என்று ஒரு பட்டாளம் வந்துவிடும்.

"இது டிரம்ஸ். இது லீட் கிடாரு. அடியில டும் டும்னு ஒண்ணு போய்கினே கீது பாரு, அதான் பேஸ். அத்த யாரும் கவனிக்க மாட்டாங்க. அது நின்னுச்சுன்னா மொத்தமும் படுத்துடும்," என்று பாடம் நடத்துவார். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு ஆடப் போய்விடும். என்ன பாஷையென்று தெரியாமலே கூடச் சேர்ந்து கத்தும். நானும் பிறகு அந்த இசையை ரசிக்க ஆரம்பித்துவிட்டேன். இத்தனை பிள்ளைகள் ஒரே நேரத்தில் சந்தோஷமாக இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் எங்களுக்கு அடுத்த அறையில் ஒரு அக்கா இருந்தாள். காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவள். அவள் பிள்ளைகள்தான் ஆட்டத்தில் முதலில் நிற்கும். என் மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்குள் ஏதோ பழுதாகிச் சத்தம் வரவில்லை. பிள்ளைகள் விடவில்லை. அவர் எங்கிருந்தோ ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்து ரெக்கார்டைப் போட்டார். எல்லாம் ஜன்னலடிக்கு ஓடிப்போய் ஆட ஆரம்பித்தன. என் மகள் மட்டும் பெட்டியிடமே இருந்தாள். உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தாள். கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியை அடித்துக்கொண்டு அழுதாள்.

அக்கா தன் அறை வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே இது? அல்லா புள்ளைங்களும் அங்க ஆடிகினு கீதுங்க. உம் பொண்ணு செத்த பொட்டிய தட்டிகினு கீறா?"

"பழக்கம்க்கா. அவளுக்கு அந்தப் பெட்டிதான் வேணும்."

அக்கா எழுந்தாள். கையில் கிடைத்த அலுமினியக் கூடையைத் தூக்கி என் மகளுக்குப் பின்னால் கல் தரையில் போட்டாள். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திடுக்கிட்டுத் திரும்பின. என் கணவர் திரும்பினார். என் மகள் திரும்பவில்லை.

"நீ உம் புள்ளைங்கள பாரு. எங்கூட்டு சோலிக்கு வராத," என்று அக்காவிடம் கத்தினேன். என் வாயில் அந்த மாதிரிப் பேச்சு அதற்கு முன் வந்ததில்லை. அவள் கோபப்படவில்லை. அருகில் வந்து, "கொயந்தய டாக்டராண்ட இட்டுகினு போமே," என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்தினேன். மகளைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்து, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தேன். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தாலாட்டைப் பாடினேன். குரல் உயர்த்திப் பாடினேன். கடைசியில் பாட்டாக இல்லை, கூப்பாடாகத்தான் இருந்தது. அவள் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் நான் யாருக்குப் பாடினேன் என்று அப்போது தெரிந்தது.

பெரியாஸ்பத்திரியில் அவளைச் சோதித்த டாக்டரம்மா நல்லவர். இசைக்கவையைத் தட்டிக் காதருகே காட்டினார். மணி அடித்தார். பிறகு என்னிடம், "கர்ப்பமா இருக்கும்போது உடம்பெல்லாம் சிவப்பா தடிச்சு காய்ச்சல் வந்துதா?" என்று கேட்டார்.

வந்தது. மூன்றாம் மாதம். சூடு என்று எல்லோரும் சொன்னார்கள். இளநீர் குடித்தேன், இரண்டே நாளில் இறங்கிவிட்டது.

"அதனால இருக்கலாம். பிறவியிலேயே ரெண்டு காதும் கேட்கலை. நீங்க ஒண்ணும் தப்பு செய்யலை," என்றார்.

என் கணவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இல்ல டாக்டர். அவ ஆட்றா. பாட்டு போட்டா ஆட்றா. தாளம் ஒரு இம்மி தப்பாது. நான் பேண்டுல வாசிக்கறவன், எனக்குத் தெரியாதா?"

"எங்க உக்காந்து ஆடறா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஸ்பீக்கர் பொட்டி மேல," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டியைப் பிரித்துப் பழுது பார்த்தார். மகளை அதன் முன்னால் நிறுத்தி, காதை ஸ்பீக்கர் துணியோடு சேர்த்துப் பிடித்து, சத்தத்தை முழுக்கத் திறந்தார். அறையில் பாத்திரங்கள் நடுங்கின. முற்றத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். "கேக்குதா கண்ணு? அப்பாக்கு சொல்லு, கேக்குதா?" என்று அவர் கத்துவது எனக்கே கேட்கவில்லை, உதடு அசைவதுதான் தெரிந்தது. மகள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். இரண்டு கையும் பெட்டியில் பதிந்திருந்தன. அவர் அந்தக் கைகளைப் பிடித்து இழுத்து விலக்கினார். விலக்கியதும் அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. காது அங்கேயேதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் பிளேயரை நிறுத்தினார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சில நாள் கழித்து நான்தான் சொன்னேன். "அவளுக்கு அது பிடிச்சிருக்கு. எப்படிப் பிடிச்சா என்ன? போடுங்க."

"எதுக்கு? மாவு மெஷின் மேல குந்த வெச்சாகூட இப்டித்தான் சிரிப்பா."

அடுத்த வாரம் பேண்டு நடத்துகிறவர் வந்து பிளேயர், ரெக்கார்டு, கிடார், பெட்டி எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். "வெச்சிக்கோ தோஸ்து, எனக்கு வாணாம்," என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே போய்விட்டார். மகள் கைவண்டியின் பின்னால் தெருமுனைவரை ஓடினாள். அக்காதான் தூக்கிவந்தாள். அதன் பிறகு பல நாள் பெட்டி இருந்த மூலைக்குப் போய், வெறும் சுவரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்பாள். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும். கொஞ்ச நாளில் அவையும் வருவதை விட்டுவிட்டன.

மகளுக்கு நாலு வயதாகும்போது எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். இதற்குள் அவர் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மாறியிருந்தார். எர்ணாவூரில் வீடு பார்த்து வந்துவிட்டோம். பிள்ளை பிறந்த வாரமே அவர் தொட்டிலருகே உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். குழந்தை கைகளை விரித்துத் தூக்கிப்போட்டு அழுதது. அவர் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் வருஷக்கணக்கில் பார்த்திருக்கவில்லை. ஆனால் அது நிலைக்கவில்லை. மறுநாளும் போட்டார். அதற்கு மறுநாளும். வேலை விட்டு வந்து கை கழுவுமுன் தட்டை எடுப்பார்.

"போதும் விடுங்க. அதுக்கு நல்லாக் கேக்குது," என்று கெஞ்சினேன்.

"அன்னிக்கும் நல்லாத்தான் கேக்குதுன்னு நெனச்சுகினு இருந்தோம்."

இதையெல்லாம் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் அவர் தொட்டிலருகே தட்டைப் போட்டார். குழந்தை தூக்கிப்போட்டது. அதே நொடியில், கதவோரம் நின்றிருந்த மகளும் இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிப்போட்டாள்.

அவர் தட்டை எடுத்து மறுபடி போட்டார். அவள் மறுபடி துள்ளினாள். "ஏய்! பாத்தியா! ஏய், இங்க வா!" என்று என்னைக் கூப்பிட்டார். அவளை வாரியெடுத்து முத்தமிட்டார். எத்தனையோ நாளாக அவர் அவளைத் தூக்கவே இல்லை. அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண் தட்டைப் பிடித்த கையிலேயே இருந்ததை நான் பார்த்துவிட்டேன். சொல்ல மனம் வரவில்லை.

அவரே கண்டுபிடித்தார். அவளை இறக்கி, சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தி, பின்னால் போட்டார். தட்டு உருண்டு, சுழன்று, அடங்கியது. அவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பிப் பார்த்தாள். தட்டு தரையில் கிடப்பதைக் கண்டதும், அவசரமாக இரண்டு கையையும் விரித்துத் துள்ளினாள். துள்ளிவிட்டு அப்பா தூக்குவதற்காகக் கையை நீட்டினாள்.

அவர் தூக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் கையை நீட்டியபடியே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய்த் தூக்கினேன். நான் தூக்கியதில் அவளுக்குத் திருப்தி இல்லை.

மகனுக்கு அவர் எந்தச் சங்கீதமும் பழக்கவில்லை. வீட்டில் ரேடியோ வாங்கவும் விடவில்லை.

ஆறு வயதில் மகளை நகரத்தின் மறுகோடியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய காது கேளாதோர் பள்ளியில் சேர்த்து விடுதியில் விட்டோம். விட்டுவிட்டு வரும்போது அவள் அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்கப் போகலாம். முதல் இரண்டு முறை எங்களைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். அவளுக்குப் பிடித்த வறுத்த நெத்திலியும் ரொட்டியும் கொண்டுபோவேன்.

மூன்றாம் முறையோ நாலாம் முறையோ போனபோது அவள் எங்களிடம் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு, உடனே வேப்பமரத்தடியில் இருந்த தன் தோழிகளிடம் போய்விட்டாள். ரொட்டியைப் பங்கிட்டார்கள். பிறகு எல்லோரும் விரல்களாலும் கண்களாலும் பேசத் தொடங்கினார்கள். என் மகள் வேக வேகமாகக் கையை அசைத்து ஏதோ சொன்னாள். எங்களைக் காட்டியும் சொன்னாள். மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் வீட்டில் அவள் அப்படிப் பேசி நாங்கள் பார்த்ததே இல்லை.

அவர் என் பக்கம் குனிந்து, "இன்னா சொல்றா?" என்று கேட்டார்.

"தெரியலயே."

"நம்மளப் பத்தித்தான் எதுவோ சொல்றா."

"ஆமாம்."

பார்வை நேரம் முடிந்ததற்கு அடையாளமாக ஒரு கன்னியாஸ்திரீ வராந்தா விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். பிள்ளைகள் எழுந்து கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார்.