ஸ்டியரிங் ஆர்ம் கழன்ற சத்தம்

பிள்ளைகளா, பழைய ஜீப்பைக் கண்டால் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று குதிக்கிறீர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் எப்படித் திரும்புகிறது என்று இதுவரை கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து கனமான தண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கை. அதுதான் ஸ்டியரிங் ஆர்ம். அது அசைந்தால்தான் சக்கரம் திரும்பும். தண்டிலும் கையிலும் பல் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று இறுக்கி, மேலே நட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். வருஷக்கணக்கில் சேறும் தண்ணீரும் பட்டால் இரண்டும் துருப்பிடித்து ஒரே இரும்பாகிவிடும். நட்டைக் கழற்றினாலும் கை வராது.

ஒர்க்‌ஷாப்பில் என்றால் கவலையில்லை. கேஸ் நெருப்பைக் காட்டிச் சூடேற்றி, இரண்டு பக்கமும் சுத்தியலால் அடித்தால் விட்டுவிடும். நான் சொல்லப்போகும் ஜீப் நின்றது ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குள்ளே.

அந்த ஜீப்பின் டிரைவர் என்னைவிட மூத்தவர். கரிசல் பாதையில் மழைக்காலத்தில் வேன் போகாது என்பதால், வேலைக்குப் போகும் பெண்களை அவருடைய ஜீப்தான் ஏற்றிக்கொண்டு போய் வந்தது. அன்று காலை ஆட்களை இறக்கிவிட்டுப் பின்னால் எடுத்தபோது வண்டி சேற்றில் வழுக்கி, முன்சக்கரம் மண் கரையில் மோதிவிட்டது. ஸ்டியரிங் கை வளைந்து, சக்கரம் ஒரு பக்கம் திரும்பாமல் நின்றுவிட்டது. லோடு லாரி வருகிற வழி அது, அங்கேயே விடவும் முடியாது. இழுத்தால் ஸ்டியரிங் பெட்டியே உடைந்துவிடும்.

நான் விருதுநகரில் பழைய சாமான் கடையில் வேறொரு கை வாங்கிக்கொண்டு போனேன். கேட்டில் வாட்ச்மேன் என் பையைக் கொட்டச் சொன்னார்.

“ஸ்பேனரும் புல்லரும் போகட்டும். இரும்புச் சுத்தியலு இங்கனயே கெடக்கட்டும்.”

“சுத்தியலு இல்லாம எப்படிண்ணே?”

“உள்ள பித்தளைச் சுத்தியலு தருவாக. தட்டுங்க, தடவுங்க, என்னமும் செய்ங்க. பொறி மட்டும் வரக்கூடாது.”

உள்ளே ஜீப்புக்குப் பக்கத்தில் டிரைவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

“சாயங்காலம் இந்தப் பொம்பளைகள நான் கூட்டிட்டுப் போகலைன்னா, நாளைக்கு வேற ஜீப்பு பேசிருவாக தம்பி. போர்மேன் காலையிலேயே சொல்லிட்டாரு. பெறகு இத இரும்புக் கடையிலதான் போடணும்.”

நெருப்பு கிடையாது, அடியும் கிடையாது. நட்டை முழுதும் எடுக்காமல் இரண்டு சுற்று மரை விட்டு வைத்தேன், கை தெறித்து விழாமல் இருக்க. பல்லுக்குள் எண்ணெய் ஊற்றினேன். கையைப் பிடித்து இழுக்கும் புல்லரை மாட்டி, நடு போல்ட்டை முறுக்கினேன். பித்தளைச் சுத்தியலால் தட்டியபோது மரத்தைத் தட்டியது போல மொத்தென்று கேட்டது. துரு அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அதற்கு மேல் முறுக்கினால் புல்லர் உடையும். அப்படியே இழுவையில் விட்டுவிட்டு, எண்ணெய் இறங்கட்டும் என்று இருவரும் தண்ணீர் குடிக்கப் போனோம்.

தம்ளரை வாயில் வைத்திருந்தேன். பின்னால் டமார் என்று ஒரு சத்தம். ஜீப்பின் இரும்புக் கை தானாகத் தண்டை விட்டுவிட்டது. இறுகிய இரும்பு விடும்போது அப்படித்தான் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் சந்தோஷம்.

திரும்பிப் பார்த்தால் எல்லா அறைகளிலிருந்தும் பெண்கள் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒருத்தரை ஒருத்தர் இடிக்காமல், ஒவ்வொரு வாசல் வழியாகவும், வெடிமருந்து ஒட்டிய சாம்பல் நிறக் கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி வேலி வரைக்கும் ஓடினார்கள். அங்கே போய்த்தான் திரும்பி நின்று, எந்த அறை மேலே புகை என்று பார்த்தார்கள்.

போர்மேன் மட்டும் எங்களை நோக்கி ஓடி வந்தார்.

“எங்கலே வெடிச்சது?”

“வெடிக்கல. ஜீப்புல கை கழண்டுச்சு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலியோரம் இருந்த மூத்த பெண் ஒருத்திதான் முதலில் வாய் திறந்தாள்.

“நாங்க இம்புட்டு நாளா மருந்து அடைக்கோம், எங்களுக்கு இப்படிச் சத்தம் வரல. மெக்கானிக்க உள்ள வேலைக்குச் சேத்துக்கோங்க போர்மேன்!”

சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. வேலியடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் முன்பு வேலை பார்த்த ஆலை இப்போது இல்லை. அந்த ஆலையிலிருந்து உயிரோடு வந்த சிலரில் அவளும் ஒருத்தி.

புதுக் கையை மாட்டி, சக்கரத்தை நேராக வைத்து முடுக்கினேன். வேலை முடிகிற நேரத்துக்கு ஜீப் கேட்டுக்கு வெளியே நின்றது. மற்றவர்கள் வந்து நின்றார்கள், ஏறவில்லை. வேலியடியில் உட்கார்ந்திருந்தவள் பாதையில் தனியாக நடக்க ஆரம்பித்திருந்தாள்.

“அவ ஏறாம நாங்க எப்படி ஏற?” என்றாள் மூத்தவள்.

டிரைவர் ஜீப்பை விட்டு இறங்கினார். கழற்றிய பழைய கையை எடுத்துக்கொண்டு சேற்றில் அவள் பின்னாலேயே போனார். நானும் கூடப் போனேன்.

“தாயி, இதப் பாரு. இதுதான் சத்தம் போட்டது. வேற ஒண்ணும் இல்ல.”

அவள் அதைக் கையில் வாங்கினாள். புரட்டிப் பார்த்தாள்.

“இம்புட்டுக்காணு இரும்பா?”

“இம்புட்டுத்தான்.”

“உள்ள இன்னும் இருக்கா?”

“வேற மாட்டியாச்சு. இனி கழட்ட வேண்டியதில்ல” என்று நான் சொன்னேன்.

அவள் அந்தக் கையைத் தன்னால் முடிந்த தூரம் கரிசலில் வீசினாள். பிறகு திரும்பி நடந்து வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மூத்தவள், “ம், ஏறுங்கடி, மகாராணி உக்காந்தாச்சு” என்றாள். எல்லாரும் ஏறினார்கள். டிரைவர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

காலையில் அந்தப் பெண்கள் ஜீப்புக்காக நிற்கும் இடம் நம் ஒர்க்‌ஷாப் வாசல்தான். மறுநாள் விடியும் முன்னே போய்க் கதவைத் திறந்தேன். வாசலோரம் கிடந்த, இரும்பு அடிக்கும் பட்டறைக்கல்லை நெம்பி, உருட்டி, பின்பக்கச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய்ப் போட்டேன்.