லிங்கைத் தொடாத மேடம்

கிடங்கில் அவருக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர். தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனியில் லாரிகளில் சரக்கு ஏற்றி அனுப்புகிற குமாஸ்தா, வயது நாற்பதை நெருங்குகிறது. டிரைவர் தப்பான கதவில் வண்டியை நிறுத்தினால்கூட ஒரு வார்த்தை திட்டாமல், பெட்டிகளைத் தானே அந்தக் கதவுக்கு இழுத்துக்கொண்டு போவார். இப்படிப்பட்ட மனுஷனுக்கும் காதல் வந்தது. அதுவும் யார்மேல்? ஊரின் மறுகோடியில், தலைமை அலுவலகத்தில் இருக்கும் கொள்முதல் பிரிவு மேடம்மேல்!

அந்த மேடம் மெயிலில் வருகிற எந்த லிங்கையும் தொட மாட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால், ‘உங்கள் பார்சல் காத்திருக்கிறது’ என்று வந்த ஒன்றை அமுக்கித் தொலைத்தார். அலுவலகக் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் மூன்று நாள் படுத்துவிட்டன. அன்றிலிருந்து லிங்க் வந்தால் அனுப்பியவருக்குப் போன்தான். மெயிலில் இருக்கும் நம்பருக்கு இல்லை, அதைத் திருடனே போட்டிருப்பானே! தன் நோட்டில் எழுதி வைத்திருக்கும் நம்பருக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று அனுப்பியவர் வாயால் சொன்ன பிறகுதான் திறப்பார்.

எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நம் குமாஸ்தா மட்டும் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே லிங்க் அனுப்பத் தொடங்கினார். மழை வரைபடம் போனது, அட்டைப்பெட்டிப் படங்கள் போயின. ஒருநாள் வீடியோ ஒன்றும் போனது.

“இதுல என்ன இருக்கு?”

“பெட்டி தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டியைத் தொடைக்கிறாங்க, மேடம்.”

“அது எனக்கு எதுக்கு?”

“சும்மா... ஒரு தகவலுக்கு.”

பூச்சியாம் பூச்சி! சரியான கள்ளன்.

இந்த விளையாட்டு ஒரு வருஷம் ஓடியது. போன வாரம் அவருடைய அக்கா இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். “இங்க பாருடா, உன் மனசுல யாராவது இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு. இல்லைன்னா நான் பார்த்து வச்சிருக்கிற பொண்ணுக்கு சரின்னு சொல்லிடுவேன்.”

மனுஷனுக்குத் தூக்கம் போனது. நேரில் சொல்லத் தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்து மனசில் இருந்ததை எல்லாம் ஒரு பக்கம் எழுதினார். அதை ஒரு லிங்கில் போட்டு, மேலே இரண்டே வரி சேர்த்தார்: ‘மிக அவசரம். இதை மட்டும் யாரிடமும் கேட்காமல் உடனே திறக்கவும்.’ ஊரை ஏமாற்றுகிற எந்த மோசடிக்காரனும் இதைவிடப் பொருத்தமாக எழுதியிருக்க மாட்டான்.

இரண்டாவது நிமிஷம் போன் அடித்தது. சுற்றிலும் நாலு சுமைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“லிங்க் வந்திருக்கு. நீங்கதானா? என்ன இருக்கு உள்ள?”

“நீங்களே... திறந்து பாருங்களேன், மேடம்.”

“சொல்லாம தொட மாட்டேன். அழிச்சிடட்டுமா?”

“ஐயோ, வேண்டாம்!” என்று அலறினார். அப்புறம் அணை உடைந்துவிட்டது. “உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு எழுதியிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா அக்கா வேற இடத்துல முடிச்சிடுவாங்க. அந்த ஃபோர்க்லிஃப்ட் வீடியோகூட உங்க குரலைக் கேக்கத்தான் அனுப்பினேன்!”

டீ டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அவமானம் பிடுங்கித் தின்றது. பாவம், பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்.

முக்கால் மணி நேரத்தில் கிடங்கு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. மேடம் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே நேராக அவர்முன் வந்தார்.

“இப்பல்லாம் குரலையே காப்பி அடிக்கிறானுங்க. இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் போனை நம்ப முடியாது. சொல்லுங்க, பேசினது நீங்கதானா?”

“நான்தான்,” என்றார் குமாஸ்தா. கிடங்கில் வேலை பார்த்த பதினாறு வருஷத்தில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

மேடத்தின் முகம் சிவந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“உங்க அக்கா நம்பரைக் கொடுங்க. நானே பேசிக்கிறேன். உங்ககிட்ட விட்டா, அவங்களுக்கும் லிங்க்தான் அனுப்புவீங்க.”