மைக்கில் சொன்ன எண்ணிக்கை

காலை ஒன்பது இருபது. ஆண்டிமடத்தில் வேகத்தடைக்கு பஸ் மெதுவானபோது ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது, மஞ்சள் பையை உயர்த்திக் காட்டியபடி ஓடி வந்த ஒரு பெண்ணை. படியில் நின்ற போலீஸ்காரர், "ஏறும்மா, ஏறு" என்று கை கொடுத்தார்.

முந்திரிக் காட்டில் சுரங்கம் வேண்டாம் என்று மறியல் செய்தவர்களை ஏற்றிய பஸ் அது. வேன் போதாத நாளில் இங்கே டவுன் பஸ்ஸைத்தான் எடுப்பார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற எழுத்து முன் கண்ணாடியில் அப்படியே இருக்கும். அந்தப் பெண் மறியலுக்குப் பிந்தி வந்தவர் என்று போலீஸ்காரர் நினைத்தார். இது ஜெயங்கொண்டம் போகும் பஸ் என்று அந்தப் பெண் நினைத்தார். பத்திரிகைக்குப் படமெடுக்க ஏறிய நானும் உள்ளேதான் இருந்தேன்.

பஸ் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய் நின்றது. கேட்டைப் பூட்டிவிட்டு எங்களை எண்ணினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அந்த எண்ணிக்கையை வயர்லெஸ் மைக்கில் மேலதிகாரிக்குச் சொன்னார். அதன் பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்தது.

"சார், நான் ஜெயங்கொண்டத்துல பஸ் மாறி அரியலூர் கோர்ட்டுக்குப் போவணுங்க. இன்னைக்கு நேர்ல வந்து நிக்கலன்னா எம்பொண்ண அவுங்க அப்பங்கிட்டயே வுட்ருவேன்னு போன வாய்தாவுலயே சொல்லிட்டாங்க."

"மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? மைக்ல சொல்லியாச்சு. ஒரு தல கொறைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்."

மறியலுக்கு வந்த ஒரு பெண் சிரித்தார். "ஓசி பஸ்ஸுன்னு ஏறுனியாக்கா? இங்க சோறும் ஓசிதான், உக்காரு." மஞ்சள் பையுடன் வந்தவர் அழுவதைப் பார்த்ததும், "சார், அத வுடுங்க சார், அது எங்காளே இல்ல" என்று அதே பெண்தான் முதலில் எழுந்தார்.

நான் சப்-இன்ஸ்பெக்டரிடம் போய்க் கேட்டேன். "எதுக்காக அரெஸ்ட்டுன்னு அவங்ககிட்ட சொல்லணும் சார். வக்கீலப் பாக்க விடணும். அது அவங்க உரிமை."

"அரெஸ்ட்டே பண்ணலையே சார். சும்மா உக்கார வெச்சிருக்கோம்."

"அப்போ அனுப்பிடுங்க."

"அரெஸ்ட் பண்ணாத ஆள எப்படி சார் ரிலீஸ் பண்றது? சாயங்காலம் எல்லாரும் சேந்து போயிடலாம். உங்களையும் சேத்துத்தான் எண்ணியிருக்கு."

அந்தப் பெண்ணின் வக்கீல் எண்ணை வாங்கி என் போனில் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். கோர்ட் ஹாலுக்குள் இருந்திருக்கலாம்.

மேடையில் முந்தைய கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் இருந்தன. மணமகள் பெயர் உதிர்ந்துபோய், மணமகன் பெயர் மட்டும் முழுசாக நின்றது. மதியம் எலுமிச்சை சாதப் பொட்டலம் வந்தது. அந்தப் பெண் பிரிக்கவில்லை. கேட் பக்கத்திலேயே பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பைக்குள் ஒரு சிறுமியின் புதுப் பாவாடை தெரிந்தது. கேட்டுக்கு வெளியே ஜெயங்கொண்டம் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் தலை திரும்பியது.

'கைதாகி, மாலையில் விடுவிக்கப்பட்டனர்.' அந்த வரியை நானே பலமுறை எழுதியிருக்கிறேன்.

பொழுது சாயும்போது மறுபடி எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. கேட் திறந்தது. அந்தப் பெண் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சாலைக்கு ஓடினார்.

மறுநாள் கோர்ட் ஊழியர் ஒருவரிடம் விசாரித்தேன். மதிய இடைவேளைக்கு முன்பு அந்தப் பெண்ணின் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். மகளைக் கேட்டு அவர் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது.