டாக்டரிடம் மறைத்த காய்ச்சல்

மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோ ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ஊசிக்குப் போகவேண்டிய காலையில் உடம்பு அனலாய்க் கொதித்தது.

“காய்ச்சல்னு சொன்னா ஊசியைத் தள்ளிப் போட்ருவாக. கட்டி பெருசாயிரும்டி. வாயைத் திறக்காத” என்று காய்ச்சல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கணவர் அழுதார். எனக்கும் அதே பயம், விழுங்கினேன். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் சூடு தணிந்தது.

“எப்படிம்மா இருக்கீங்க?” என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

“நல்லா இருக்கா சார்” என்று கணவர் முந்திக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

ஊசி அறை வாசலில் நடுங்கி விழுந்தேன்.

“உடம்புல கிருமி பரவியிருக்கு. இந்த நிலைமையில ஊசி போட்டிருந்தா உயிரே போயிருக்கும்மா” என்றார் டாக்டர், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு.

இப்போதெல்லாம் டாக்டர் கேட்குமுன்பே உபாதைகளை நானே கொட்டிவிடுகிறேன். கணவர் பேச வாயெடுத்தால், மேசைக்கடியில் அவர் காலை மிதிக்கிறேன்.