ஈஸ்ட் ஹாமின் ஆதிக்குடிகள்

ஈஸ்ட் ஹாமில் ரயில் பாதையை ஒட்டி நின்ற அந்த வீட்டு வரிசையைக் கவுன்சில் இடித்துத் தள்ளிய பிறகுதான் எங்கள் ஆட்களுக்கு வரலாற்று ஞானம் பிறந்தது. எண்பதுகளில் அகதிகளாக வந்திறங்கிய எங்கள் பையன்கள் குவிந்து கிடந்த வீடுகள் அவை. ஷிப்ட் முடிந்து ஒருவன் வந்து விழ, அடுத்தவன் எழும்பி வேலைக்கு ஓடுவான். மெத்தை ஆறுவதற்கு நேரம் இருந்ததில்லை. பிறகு ஒவ்வொருவராகச் செவன் கிங்ஸ் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். போன கையோடு, பழைய தெருவைப் பற்றிப் பேச்செடுத்தால் அது எந்தப் பக்கம் என்று கேட்குமளவுக்குப் பெரிய மனிதர்களாகிவிட்டார்கள். சம்பந்தம் பேசும் இடத்தில், ஒரு மெத்தையை மூன்று பேர் பங்கிட்ட கதையைச் சொல்ல முடியுமா?

வீடுகள் மண்ணோடு மண்ணானதும் பயம் விட்டுப்போயிற்று. இனி யாரும் போய்ப் பார்க்க முடியாதல்லவா. 'முன்னோடிகள் விழா' என்று மனோர் பார்க்கில் ஒரு பாடசாலை மண்டபத்தை எடுத்தார்கள்.

நானும் அந்த வரிசையில்தான் குடித்தனம் தொடங்கினேன். கலியாணம் முடித்து நான் வரும்வரை அவர்கள் பாண் துண்டும் தகரத்தில் அடைத்த ரின்மீனுமாகக் காலம் தள்ளினார்கள். அங்கே முதன்முதலில் ஒழுங்காகச் சோறு வடித்தவள் நான். தட்டை நீட்டியவர்களுக்கெல்லாம் போட்டேன். அதனால் விழாவில் குத்துவிளக்கின் ஒரு திரியையாவது நான் ஏற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டும்விட்டேன்.

"திரியெல்லாம் குடுத்து முடிஞ்சுது அக்கா," என்றார் விழாத் தலைவர். என் கையால் தின்று வளர்ந்த தம்பிதான். "நீங்கள் வடையைப் பாருங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு ஒரு திரி கிடைத்திருந்ததால் அவர் கூரையைப் பார்த்தார்.

விளக்குக்கு முகம் ஐந்து. "நான்தான் முதல் வந்தனான்" என்றவர்களோ மண்டபம் நிறைய. யாரை விட்டாலும் அவருக்கு ரோசம் வரும். சமாதானத்துக்காக ஆளுக்கொரு குத்துவிளக்கை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் வீட்டு விளக்கைப் புளி போட்டு மினுக்கிக் கொடுத்தது நான், ஏற்றியது அவர். மேடை முழுக்க விளக்குகள் எரிய, ஒரு முன்னோடி தன் திரி சரியாகப் பிடிக்கவில்லை என்று கற்பூரத்தை அள்ளிப் போட்டார். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் போட்டார்கள். கரும்புகை எழும்பியது. அபாய மணி கத்தத் தொடங்கியது.

பட்டு வேட்டிகளோடு எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில் மழைத் தூறலில் போய் நின்றோம். தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய அதிகாரி, மண்டபத்துக்குள் நெருப்பு வைத்தது யார் என்று கேட்டார்.

தலைவர் செயலாளரைப் பார்த்தார்.

"நான் பிறகுதானே வந்தனான்," என்றார் செயலாளர், மற்றவர்களைக் கைகாட்டி. "இவைதான் முதல்."

"எனக்கு ஒண்டும் தெரியாது. நான் கடைசியா வந்த ஆள்," என்றார் கற்பூரம் போட்டவர்.

என் வீட்டுக்காரர் மெதுவாக என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார். வடைத் தட்டம் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"நான்தான்," என்றேன்.

அதிகாரி எழுத்துக்கூட்டிக் கேட்டு என் பெயரை எழுதிக்கொண்டார். அந்தக் குடியேற்றத்தின் பேரில் என் பெயரை யாரும் எழுதியது அந்த ஒருமுறைதான்.